லோரன்ஸ் பேசிய சீனம்

கீழ்ப்பிரிவு லயம்,
கித்துல்கல,
இலங்கை.
11.02.2025

அன்பும் மரியாதையும் உள்ள முத்தழகி அக்காவுக்கு,

கித்துல்கல பிரேமலதா எழுதுகிறேன். உங்கள் உடம்பு சுகமாக இருக்க வேண்டும் என்று மாதாவைக் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். எங்கள் சுகத்தைப் பற்றி ஒரு வரியில் எழுத முடியாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

என்னை ஞாபகம் இருக்குமோ தெரியவில்லை. கடைசியாக எழுதிப் பதினேழு வருஷமாகிவிட்டது. சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பில் நீங்கள் நேயர் கடிதம் வாசித்த காலத்தில், மாதம் தவறாமல் எழுதிய றப்பர் தோட்டத்துப் பெண் நான். சீனாவில் பிறந்து, தமிழ் படித்து, தமிழிலேயே பெயரும் வைத்துக்கொண்ட ஒருவர் என் பெயரை வானொலியில் சொன்னதை எங்கள் லயத்து வீடுகளில் யாரும் நம்பவில்லை. வானொலிப் பெட்டி பழுதானதும் எழுதுவதை விட்டுவிட்டேன். அது என் பிழைதான். இப்போது என் மகள் ஸ்டெபானி இணையத்தில் தேடி உங்கள் தங்கை மகளைக் கண்டுபிடித்தாள். இந்தத் தாள்களைப் படமெடுத்து அவருக்கு அனுப்புவாள். உலகத்தில் எனக்குத் தெரிந்த சீனர் நீங்கள் ஒருவர்தான் அக்கா.

1999இல் நீங்கள் எனக்கு ஒரு புத்தகப் பொதி அனுப்பினீர்கள். பழைய சீனக் கதைகள், தமிழில். தடித்த தாள், மையால் தீட்டிய படங்கள். அடுத்த வருஷம் லோரன்ஸ் பிறந்தான். நான் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறேன். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை எங்களிடம்தான் விட்டுப் போவார்கள். என் வீட்டுக்காரர் அந்தனி பால் வெட்டுகிறவர். மழை பெய்தால் மரத்தில் பால் வெட்ட முடியாது, எல்லோரும் வீட்டில். எங்கள் ஊரில் மழைக்குக் குறைவே இல்லை. அந்த நாட்களில் இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிப்பேன். தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்துக்கு மேலே கத்தி வாசிக்க வேண்டும். அந்தனி சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்குவதுபோல் படுத்திருப்பார். நான் ஒரு பக்கத்தைத் தவறவிட்டால் மட்டும் படுத்தபடியே, “அந்த நரி எங்க போச்சு?” என்று கேட்பார்.

பரீட்சை எழுதத் தலைநகருக்கு நடந்து போகிற ஏழைப் படிப்பாளி, பெண்ணுருவம் எடுத்து வந்து அவனுக்குச் சோறாக்கிப் போடுகிற நரி, செத்துப்போன கணவனுக்காக எமனின் சபையிலேயே போய் வழக்காடுகிற விதவை. எல்லாவற்றையும் பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். லோரன்ஸுக்கு எல்லைக் காவலில் இருந்த மொழிபெயர்ப்பாளனின் கதைதான் பிடிக்கும். தளபதி சொல்கிற கடுஞ்சொல்லை மலைச்சாதிக்காரரிடம் மெல்லியதாக மாற்றிச் சொல்வான். அவர்களுடைய வசையைத் தளபதியிடம் வணக்கம் என்று சொல்வான். மூன்று வருஷம் சண்டையே வராது. கடைசியில் பிடிபட்டுத் தலையைக் கொடுப்பான். லோரன்ஸ் ஆறு வயதில் கேட்டான்: “அவன் பொய்தானே சொன்னான் அம்மா? அப்புறம் ஏன் நீங்க அழுவுறீங்க?”

அந்த ஆசையில்தான் சீனம் படித்தான். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு, களனி ஆற்றில் வெளிநாட்டுக்காரரைக் காற்றடைத்த படகில் கூட்டிப்போகிற வேலைக்குப் போனான். வருகிற சீனரிடம் கேட்டுக் கேட்டும் போனைப் பார்த்தும் மூன்று வருஷத்தில் நன்றாகவே பேசினான். ஒரு நாள் நான் சோறு கொண்டுபோனபோது ஆற்றங்கரையில் ஒரு சீனப் பெரியவருக்கு நரியின் கதையை அவர் பாஷையிலேயே சொல்லிக்கொண்டிருந்தான். அவர் முழங்காலைத் தட்டிச் சிரித்தார். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமைக்கு இப்போது அனுபவிக்கிறேன்.

போன வருஷம் ஏப்ரலில் வரக்காப்பொலையில் ஒரு ஏஜன்சிக்காரன், தாய்லாந்து ஹோட்டலில் சீன விருந்தாளிகளைக் கவனிக்கிற வேலை என்று சொன்னான். லோரன்ஸும், அவனோடு படகில் வேலை செய்த யோகராஜும் போனார்கள். யோகராஜ் மேல்பிரிவுக் கலைச்செல்வியின் மகன். அவனுக்குச் சீனம் தெரியாது. லோரன்ஸ்தான் வற்புறுத்திச் சேர்த்துக்கொண்டான். விமானத்தில் இறங்கியதும் வேனில் ஏற்றி, ஒரு ஆற்றைக் கடக்க வைத்து மியன்மாருக்குள் கொண்டுபோய்விட்டார்கள். மதிலும் முள்கம்பியும் துப்பாக்கியும் உள்ள இடம். கணினி முன்னால் உட்காரவைத்து, முகம் தெரியாத ஆட்களிடம் காதல் பேசி ஏமாற்றச் சொல்வார்களாம். முடியாது என்றால் அடி. அதை நடத்துகிற முதலாளி ஒரு சீனன். அவனைப் ‘பெரியவன்’ என்றுதான் சொல்கிறார்கள். ஆகஸ்டுக்குப் பிறகு லோரன்ஸிடமிருந்து போனும் வரவில்லை.

டிசம்பரில் நம் நாட்டுப் பிள்ளைகள் கொஞ்சப் பேரை விட்டார்கள். யோகராஜ் வந்தான். ஒரு காது கேட்கவில்லை. லோரன்ஸ் வரவில்லை. நான் ஓடிப்போய்க் கேட்டேன். அவன் நிலத்தைப் பார்த்தபடி, “அவன விடல ஆன்டி. பாஷை தெரியும்னு வச்சிக்கிட்டாங்க. அவன் இல்லாட்டி அந்தாளு பேசுறது யாருக்கும் வெளங்காது” என்றான். கலைச்செல்வி அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்புகிறாள். தண்ணீர் பிடிக்கிற பீலியில் என் குடத்தை எட்டித் தள்ளிவிட்டாள். அவள் மகன் வந்துவிட்டான், என் மகன் வரவில்லை. அவளுக்கு என் மேல் என்ன கோபம் என்று எனக்கு விளங்கவில்லை.

அந்தனி என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். கடைசியாகப் பேசியது, “நீ வாசிச்ச கதைதான்டி அவனக் கூட்டிக்கிட்டுப் போச்சு” என்பது. புத்தகத்தைக் கிழித்து அடுப்பில் போட்டார். நான் தடுக்கவில்லை.

என் பிள்ளை அந்தக் கதையில் வருகிற மொழிபெயர்ப்பாளன் மாதிரிதான் இருப்பான் அக்கா. மற்றப் பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருப்பான். யாருக்கு எழுதினால் வேலை நடக்கும் என்று எனக்குத் தெரியாது. உங்கள் பொலிசுக்கா, தூதரகத்துக்கா, அந்தப் பெரியவனின் ஊர்க்காரருக்கா? நீங்கள் யோசித்து, உங்கள் பாஷையில் எழுதுங்கள். லோரன்ஸின் படமும் கடவுச்சீட்டு இலக்கமும் இத்துடன் இருக்கின்றன. எழுதுவேன் என்று மட்டும் ஒரு சொல் அனுப்புங்கள். அதைப் பிடித்துக்கொண்டு இருப்பேன்.

உங்கள் தங்கை,
பிரேமலதா அந்தனி


கித்துல்கல,
03.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் பதில் கிடைத்தது. என்னை மறக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கண்ணில் புரை வந்தும் நீங்களே கைப்பட எழுதியதற்கு நன்றி. உங்கள் தங்கை மகள் வக்கீல் என்பது என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

ஆனால் அவர் விசாரித்துச் சொன்னதாக நீங்கள் எழுதியதைப் பத்துத் தடவை வாசித்தேன். அந்த இடத்தில் அடைபட்டிருக்கிற ஆயிரக்கணக்கான பேரில் ஒருவனைத் தேடிப்போய் எடுக்க யாருக்கும் நேரமில்லை. குற்றவாளி என்று தேடப்படுகிறவனைத்தான் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். அதற்குக் கீழே கேட்டிருந்தீர்கள்: “உங்கள் மகன் அங்கே யாரையாவது அடித்தாரா? மொழிபெயர்ப்பாளராக இருந்தவர்கள் பலர் அடித்திருக்கிறார்கள். எனக்குப் பொய் எழுத வேண்டாம்.”

எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. யார் யாரைக் கேட்பது என்று நினைத்தேன். புத்தகம் அனுப்பியது நீங்கள். பூந்தோட்டமும் ஏரியும் நரியும் உள்ள சீனத்தைக் காட்டினீர்கள். இப்படி ஒரு பெரியவனும் அங்கேதான் பிறப்பான் என்று நீங்கள் ஒரு நாளும் வானொலியில் சொல்லவில்லை. இதை எழுதக்கூடாது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

கோபம் அடங்கியதும் யோகராஜ் வீட்டுக்குப் போனேன். கலைச்செல்வி வேலைக்குப் போயிருந்தாள். வாசலில் நின்றபடி கேட்டேன், தம்பி, லோரன்ஸ் யாரையாவது அடித்தானா என்று. அவன் உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

முதல் நாலு மாதம் லோரன்ஸ் மாற்றித்தான் சொன்னானாம். பெரியவன், இவன் கையை உடைப்பேன் என்று கத்துவான். லோரன்ஸ், இவருக்குக் கோபம், தலையைக் குனிந்து நில்லுங்கள் என்று தமிழில் சொல்வான். பிள்ளைகள் திட்டினால், மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று சீனத்தில் சொல்வான். பிறகு கொஞ்சம் தமிழ் தெரிந்த இன்னொரு ஆளை அந்தப் பெரியவன் கொண்டுவந்து, பக்கத்தில் நிற்கவைத்து, கண்டுபிடித்துவிட்டான். லோரன்ஸை மூன்று நாள் தண்ணீர்த் தொட்டியில் நிற்கவைத்தார்கள். நாலாம் நாள் அவன் கையில் இரும்புக் குழாயைக் கொடுத்து, எதிரில் யோகராஜை முழங்காலில் நிறுத்தினார்கள்.

“மொதல்ல மெதுவாத்தான் அடிச்சான் ஆன்டி. அந்தாளு ஒத்துக்கல. அப்புறம் காதுல அடிச்சான்.” இதை யோகராஜ் அழாமல் சொன்னான். அத்தோடு முடிந்தது என்று நினைத்து எழும்பினேன். அவன் என்னை உட்காரச் சொன்னான். “நீங்க கேட்டதால சொல்றேன். அதுக்குப் பொறகு யாரும் சொல்லவே தேவையில்ல. அவனே முன்னால வந்து நின்னான். அடிச்சா அவனுக்குத் தனியா ரூம்பு குடுத்தாங்க. கறியோட சோறு குடுத்தாங்க. எங்களோட பேசுறத நிப்பாட்டிட்டான். தமிழ்ல கூப்பிட்டாக்கூடத் திரும்ப மாட்டான்.”

கதையில் மொழிபெயர்ப்பாளன் தலையைக் கொடுத்தான். என் பிள்ளை கொடுக்கவில்லை. கொடுத்திருக்க வேண்டும் என்று என்னால் எழுத முடியவில்லை அக்கா. இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய் வந்தேன். அவன் உயிரோடு இருக்கிறான் என்று கேட்டபோது முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். எதிரில் ஒரு காது கேட்காமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு சந்தோஷப்பட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியிடம்கூட இதைச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

நீங்கள் பொய் எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதவில்லை. அடித்தான். பலரை அடித்தான்.

இனி நான் கேட்பது ஒன்றுதான். குற்றவாளியைத்தான் பெயர் சொல்லி எடுப்பார்கள் என்றால், என் மகனைக் குற்றவாளி என்று எழுத யார் கையெழுத்து வேண்டும்? தாயின் கையெழுத்து செல்லுமா? சட்டம் தெரிந்த உங்கள் தங்கை மகளிடம் கேட்டு எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள். யாருக்கும் தேவைப்படாத நாள் வந்தால் மொழிபெயர்ப்பாளனை அவர்கள் என்ன செய்வார்கள் என்று யோகராஜ் சொல்லாமல் விட்டான். நானும் கேட்கவில்லை.

பிரேமலதா


கித்துல்கல,
30.03.2025

அன்புள்ள முத்தழகி அக்காவுக்கு,

நீங்கள் எழுதியபடியே செய்துவிட்டேன். புத்தகத்தைப் பற்றி நான் எழுதியதற்கு நீங்கள் ஒரு வார்த்தையும் பதில் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

தாய் கொடுத்தால் போதாது, அடிபட்டவன் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். யோகராஜ் மறுத்துவிட்டான். கூட்டாளிக்கு எதிராகப் பொலிசுக்குப் போகமாட்டேன் என்றான். கலைச்செல்வியைப் பார்க்கப் போனேன். அவள் பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். என் மகன் மேல் பொலிசில் முறைப்பாடு கொடுக்க வா என்றேன். அவள் வாளியை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “லதா, ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?” என்று கேட்டாள். கெட்டாலும் பரவாயில்லை, அவன் மேல் வழக்கு இருந்தால்தான் அவனை எடுப்பார்கள் என்று சொன்னேன். அவள் வாளியை எடுத்துத் திரும்பவும் தேய்த்தாள். பிறகு உள்ளே போய் யோகராஜிடம், “சட்டையப் போடு” என்றாள்.

மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். பொலிசில் இருந்த சார்ஜன்ட் மாத்தயா நல்லவர். சிங்களத்தில்தான் பேசினோம், அதில் எங்களுக்குச் சிரமமில்லை. பிள்ளையின் அம்மா யார் என்று கேட்டார். நான்தான் என்று நானும் சொன்னேன், கலைச்செல்வியும் சொன்னாள். அவருக்குக் குழப்பம். அடிபட்டவனின் அம்மா அவள், அடித்தவனின் அம்மா நான் என்று விளக்கினேன். அவர் பேனாவை மூடிவிட்டு, அம்மா, இதை எழுதினால் பிறகு அழிக்க முடியாது, மகன் வந்து இறங்கினாலும் நேரே சிறை மறியலுக்குத்தான் போவான் என்றார். எழுதுங்கள் மாத்தயா என்றேன். யோகராஜ் காதைக் காட்டினான். எத்தனை பேரை, எதைக் கொண்டு, எந்த மாதத்தில் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். நான் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேன். லோரன்ஸின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னதும் நான்தான். அவர் பிழையாக எழுதிவிட்டால் வேறு யாரையாவது எடுத்துவிடுவார்களோ என்று பயம்.

பஸ் வரும்வரை கலைச்செல்வி எனக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தாள். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. “வரட்டும். வந்தா நானும் அவனுக்கு ஒரு அறை குடுப்பேன்” என்றாள். குடு என்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

விஷயம் அந்தனிக்குத் தெரிந்து, என் துணிகளை எல்லாம் அள்ளி வெளியே போட்டார். ஸ்டெபானிதான் எடுத்து உள்ளே வைத்தாள். இப்போது நான் பிள்ளைக் காம்பராவில் இருக்கிறேன். லயத்தில், பெற்ற மகனையே காட்டிக்கொடுத்தவள் என்கிறார்கள். சொல்லட்டும். அவனைப் பிடித்துத் தரச் சொல்லும் கோரிக்கை கொழும்புக்குப் போய், அங்கிருந்து எல்லைக்கும் போயிருக்கிறது, பட்டியலில் பெயர் ஏறிவிட்டது என்று சார்ஜன்ட் மாத்தயா சொல்லி அனுப்பினார். முறைப்பாட்டின் பிரதி இத்துடன் இருக்கிறது. உங்கள் தங்கை மகள் அதைச் சீனத்தில் எழுதி, அந்தப் பெரியவனின் ஊர்ப் பொலிசில் கொடுக்கட்டும். இரண்டு நாட்டிலும் தேடப்பட்டால் ஒரு நாடாவது எடுக்கும். உங்கள் நாட்டு மறியலாக இருந்தாலும் எனக்குச் சம்மதம். கை விலங்கோடு, முகத்தை மூடி, டீவியில் காட்டினாலும் சம்மதம். மறியலில் பெயர் கூப்பிட்டு எண்ணுவார்கள், ஒரு ஆள் குறைந்தால் தேடுவார்கள்.

இனி, இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயம்.

போன ஞாயிறு, பூசை முடிந்து வந்து பிள்ளைகளின் பாய்களை வெயிலில் போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டெபானி போனைப் பிடித்தபடி ஓடி வந்தாள். லோரன்ஸ். ஏழு மாதத்துக்குப் பிறகு அவன் குரல். கட்டையாகிவிட்டது. சாப்பிட்டாயா என்று கேட்டேன், அதுதான் வாயில் வந்தது. “அம்மா, பொலிசுல என் பேர நீங்களா குடுத்தீங்க?” என்று கேட்டான். இல்லை என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது அக்கா. யோகராஜ் வீட்டார் கொடுத்தார்கள் என்று சொல்லியிருக்கலாம், அதுவும் உண்மைதான். “ஆமா தம்பி. நாந்தான்” என்றேன்.

பக்கத்தில் ஒரு ஆண் அதட்டி ஏதோ கேட்டான், சீனத்தில். லோரன்ஸும் சீனத்தில் ஒன்று சொன்னான், சின்னதாக. அதோடு தொடர்பு அறுந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த இலக்கம் வேலை செய்யவில்லை.

அவன் சொன்னதை மறப்பதற்கு முன்னால், பாய் மேலே உட்கார்ந்து, காதில் விழுந்தபடியே எழுதி வைத்தேன்:

மே ஷர். ஷர் வோ மா.

அந்த ஆளுக்குச் சொன்ன பதிலா, எனக்குச் சொன்னதா தெரியாது. ஸ்டெபானி போனில் இருக்கிற மொழிபெயர்ப்பில் சொல்லிப் பார்த்தாள். எங்கள் வாயில் வருகிற சத்தத்துக்கு அது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அர்த்தம் காட்டுகிறது. எனக்குக் கடைசி இரண்டு சொல் மட்டும் கொஞ்சம் தெரியும். ஒரு தடவை வானொலியில் நீங்கள் சொல்லித்தந்தீர்கள்: வோ என்றால் நான், என்; மா என்று சமமாக நீட்டினால் அம்மா, இறக்கி ஏற்றினால் குதிரை, வெட்டிச் சொன்னால் திட்டுவது. அவன் எப்படிச் சொன்னான் என்று ஏழு நாளாக யோசிக்கிறேன். சில நேரம் நீட்டினதுபோல் இருக்கிறது, சில நேரம் வெட்டினதுபோல்.

நீங்கள் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள் அக்கா. உங்களுக்கு விளங்கும். திட்டாக இருந்தாலும் மாற்றி எழுத வேண்டாம், அப்படியே எழுதுங்கள். கடவுள் உங்களுக்குக் கண் வெளிச்சத்தைத் திருப்பித் தரட்டும்.

காத்திருக்கும் தங்கை,
பிரேமலதா